வெந்நீர் வரிசையில் சுடர்க்கொடி

ஜூன் 10

இந்த டைரி அப்பாவுக்கு மைதா ஏஜென்ட் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு கோதுமைக் கதிர் படம். எங்கள் பேக்கரி தென்காசியில், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில். நான் இப்போது இருப்பது ஏற்காட்டு மலைமேல், பெண்கள் விடுதியில், பதினேழாம் நம்பர் அறையில், ஜன்னலோரக் கட்டிலில். இரண்டுக்கும் நடுவில் ஒரு ரயில், இரண்டு பஸ், மூன்று தடவை வாந்தி.

ஏன் வந்தேன் என்று எழுதிவைக்கிறேன். நானும் விழியும் இரட்டைப் பிறவி. நான் சுடர்க்கொடி, அவள் சுடர்விழி. அவள் எட்டு நிமிடம் மூத்தவள். வீட்டில் இருவரையும் ‘சுடர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பெரும்பாலும் விழிதான் போய் நிற்பாள். டீச்சருக்குப் பதில் சொல்வது, விருந்தாளிகளை விசாரிப்பது, சித்தப்பாவிடம் ஐஸ்கிரீம் கேட்பது எல்லாம் அவள் பொறுப்பு. எனக்கு என்ன ஐஸ்கிரீம் வேண்டும் என்பதையும் அவளே சொல்லிவிடுவாள். வசதியான ஏற்பாடு.

போன மார்ச்சில் ஆங்கில வாய்மொழித் தேர்வு வந்தது. விழி உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தாள். பிறகு ரிப்பனை மாற்றிக் கட்டிக்கொண்டு என் பெயரிலும் போய்ப் பேசினாள். அது ஒரு சின்ன உதவி. இரண்டாவது தடவை முதல் தடவையைவிட நன்றாகப் பேசித் தொலைத்தாள். அதில்தான் மிஸ்ஸுக்குச் சந்தேகம் வந்தது. தலைமையாசிரியை அப்பாவை வரவழைத்து, இரண்டையும் பிரித்து வைத்தால் ஒன்றாவது உருப்படும் என்றார்.

அத்தை மகள் படித்த இந்தப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் ஒரே ஒரு இடம் இருந்தது. யாரை அனுப்புவது என்று வீட்டில் பேச்சு வந்தபோது, தன்னால் ஏன் போக முடியாது என்று விழி ஒரு மணி நேரம் பேசினாள். பிறகு என்னைக் கேட்டார்கள். நான் ஒன்றும் பேசவில்லை. அதனால் நான்.

நான் அழவில்லை. விழியை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. நான் இல்லாமல் அவள் என்ன செய்வாள்?

ஜூன் 11

வகுப்பில் என்னை ஜன்னல் பக்கம் உட்காரச் சொன்னார்கள். “மிஸ், நான் இங்ஙன இருக்கட்டா? அங்ஙன வெயிலடிக்கி” என்றேன். வகுப்பே சிரித்தது. மதியம் சாப்பாட்டுக்கூடத்தில் முன்பின் தெரியாத ஒருத்தி என்னைப் பார்த்து ‘அங்ஙன’ என்றாள்.

எனக்குத் தொண்டை வலிப்பதுபோல் இருக்கிறது. நாளை முதல் எழுதிக் காட்டிவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

ஜூன் 16, ஞாயிறு

வீட்டுக்குப் பேச பத்து நிமிடம். ஆபீசில் உள்ள போன், பக்கத்தில் வார்டன் கமலவேணி மேடம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருக்கு முன்னால் தொண்டை வலியோடுதானே இருக்க வேண்டும்? சொல்ல வேண்டியதைப் பதினோரு குறிப்பாக எழுதிப் போயிருந்தேன். விழி ஒன்பது நிமிடம் பேசினாள். நான் ‘ம்’ என்றேன், பன்னிரண்டு தடவை. அவள் வகுப்புத் தலைவி ஆகிவிட்டாளாம், நாடகத்தில் ராணி வேஷமாம். வருத்தத்தை மறைக்கத்தான் அவ்வளவு சிரிக்கிறாள்.

ஜூன் 19

குளியல் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. விடுதியில் நாங்கள் நூற்றிருபது பேர், வகுப்புக்கு முப்பது. குளியலறைக்குப் பின்னால் விறகுப் பாய்லர் ஒன்று. காலை ஐந்தரைக்கு மணி அடித்ததும் பன்னிரண்டாம் வகுப்பு அக்காக்கள் வாளியோடு வருவார்கள், பிறகு பதினொன்று. பத்தாம் வகுப்பும் ஒன்பதாம் வகுப்பும் நகர்ந்து குழாயடிக்குப் போகும்போது குழாய் இருமும். அதன் பிறகு வருவது மலைத்தண்ணீர். ஒரு சொம்பு ஊற்றினால் என் பெயரே எனக்கு மறந்துவிடுகிறது.

குளித்தோமா என்று பார்க்க வார்டன் மேடம் ஒவ்வொருவர் சோப்பையும் தொட்டுப் பார்ப்பார். ஆகவே எங்கள் வகுப்பில் தினமும் முப்பது சோப்புகள் குளிக்கின்றன.

ஜூன் 20

என் சோப்பு மிகவும் சுத்தமாக இருக்கிறது.

ஜூன் 27

அறையில் என்னோடு இரண்டு பேர். தரணிகா கோபிச்செட்டிபாளையம். சத்தமாகப் பேசுவாள், சத்தமாகத் தூங்குவாள். ருக்சானா வாணியம்பாடி. மெல்லிய பெண். வீசிங் உண்டு, இன்ஹேலரை எங்கேயாவது வைத்துவிட்டுத் தேடுவாள்.

இன்று வருகைப் பதிவில் என் முழுப்பெயரைக் கேட்டதும் தரணிகா ஈரத் துண்டை என் தோளில் போட்டு, “கொடின்னு பேரு வெச்சுட்டு சும்மா நிக்கறே, ஒருக்கா காயட்டும்” என்றாள். சாயங்காலத்துக்குள் என் தோளில் நான்கு துண்டு, ஒரு காலுறை. நான் காகிதத்தில், ‘வாடகை: துண்டுக்கு ஒரு பிஸ்கட், காலுறைக்கு முன்பணம், நாற்றமடிக்கும் காலுறை அனுமதிக்கப்படாது’ என்று எழுதிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டேன். ருக்சானா சிரித்துச் சிரித்து இன்ஹேலரைத் தேடினாள்.

இந்தப் பெயர் எனக்குப் பிடிக்கவில்லை. ஆறு பிஸ்கட் கிடைத்தது.

ஜூலை 3

தொண்டைக்காக வார்டன் மேடம் காலையில் உப்புத் தண்ணீர், மாலையில் சித்தரத்தைக் கஷாயம் கொடுக்கிறார். மூன்று வாரமாகிறது. இப்போது நிஜமாகவே வலிக்கிறது.

ஆனால் என் சீட்டுகளுக்கு நல்ல பெயர். லீவ் லெட்டர், மன்னிப்புக் கடிதம், உப்புமாவைப் பற்றிய புகார் எல்லாவற்றுக்கும் பதினேழாம் நம்பர் அறைக்குத்தான் வருகிறார்கள். தரணிகா ஆட்களை வரிசையில் நிறுத்துகிறாள்.

ஜூலை 7, ஞாயிறு

மாதத்தின் முதல் ஞாயிறு விடுதிக் கூட்டம். குறைகளை எழுதிப் பெட்டியில் போடலாம். ‘ஒன்பதாம் வகுப்பு மாணவிகளின் சோப்புகள் சார்பாக’ என்று வெந்நீர் கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதியிருந்தேன். பெயர் போடவில்லை. வார்டன் மேடம் அதை மேடையில் படித்தார். அரங்கம் சிரித்தது. மேடமே ஒரு இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கையெழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

எழுதினால் போதாதாம். அடுத்த கூட்டத்தில் எழுதியவளே எழுந்து நின்று வாயால் பேச வேண்டுமாம். ஒரு மாதத்தில் தொண்டை சரியாகிவிடும், நான் பொறுப்பு என்றார்.

ஜூலை 8

சாப்பிடப் பிடிக்கவில்லை. உப்புமா காரணம்.

ஜூலை 9

வழி கிடைத்துவிட்டது. அடுத்த கூட்டம் ஆகஸ்ட் 4. அன்றுதான் பெற்றோர் வரும் நாளும். விழி வருவாள்.

இதற்குமேல் இங்கே எழுதுவது நல்லதல்ல. டைரியை ருக்சானா படிக்கிறாள் என்று சந்தேகம்.

(நான் படிக்கவில்லை. ருக்சானா.)

ஜூலை 14, ஞாயிறு

போனில் மேடம் பக்கத்தில் இருந்ததால் பேக்கரிப் பாஷையில் ரகசியக் குரலில் பேசினேன். நாலாம் தேதி ஒரு ஆர்டர் இருக்கிறது, நீதான் கேக் வெட்ட வேண்டும், ரிப்பன் என்னுடையது, விவரம் தபாலில் என்றேன். விழிக்கு உடனே புரிந்தது. “எத்தனை கிலோட்டி?” என்று மட்டும் கேட்டாள். பின்னால் அப்பா நின்றிருப்பார் என்று நினைக்கிறேன். மூன்று என்றேன், வாயில் வந்ததை.

ஜூலை 17

விழிக்கு எழுதி அனுப்ப விவரம் வேண்டுமே. ஒரு வாரமாகக் காலை ஐந்தேகாலுக்கே பாய்லரடியில் நிற்கிறேன். பாய்லரைப் பார்த்துக்கொள்ளும் பழனியப்பன் அண்ணன், படிப்பு ஏறாத பிள்ளை போலிருக்கிறது என்று என்னை நினைத்துக்கொண்டு விறகு அடுக்கக் கற்றுக்கொடுத்துவிட்டார்.

எண்ணிப் பார்த்ததில் ஒன்று தெரிந்தது. பாய்லரிலிருந்து கொதிக்கக் கொதிக்க அறுபது வாளி வருகிறது. அக்காக்கள் ஆளுக்கு ஒரு வாளி முழுக்கப் பிடிக்கிறார்கள். அந்தச் சூட்டை யாராலும் மேலே ஊற்ற முடியாது. ஆறட்டும் என்று வைத்துவிட்டு, பல் தேய்த்து, கதை பேசி, கடைசியில் பாதியைக் கீழே கொட்டிவிட்டுப் போகிறார்கள். அரை வாளி வெந்நீர், அரை வாளி பச்சைத் தண்ணீர் என்று கலந்தால் நூற்றிருபது பேருக்கும் சரியாக வரும். மூன்று தடவை கூட்டிப் பார்த்துவிட்டேன்.

நான்கு பக்கம் எழுதித் தபாலில் போட்டாயிற்று.

ஜூலை 22

காலை ஆறரைக்கு ருக்சானா குளியலறையிலிருந்து வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மலைத்தண்ணீரில் தலைக்கு ஊற்றியிருக்கிறாள். மூச்சு விசில் போலக் கேட்டது. உதடு நீலமாகியிருந்தது. இன்ஹேலர் எங்கே என்று கேட்டால் கையை மட்டும் ஆட்டினாள். தரணிகா அவளைத் தாங்கிக்கொண்டு, பேச்சு வராமல் என்னைப் பார்த்தாள். தரணிகாவுக்கே பேச்சு வரவில்லை.

நான் வார்டன் வீட்டுக்கு ஓடினேன். காகிதம் கையில் இல்லை. “மேடம், ருக்சானாவுக்கு மூச்சு முட்டுது, வண்டிய எடுக்கச் சொல்லுங்க, இன்ஹேலர் இருந்தா கொண்டாங்க, சீக்கிரம் வாங்க” என்று வாசலில் நின்று கத்தினேனாம். மெஸ் வரைக்கும் கேட்டதாகச் சொல்கிறார்கள். மேடம் மருந்தலமாரியில் இருந்த இன்னொரு இன்ஹேலரை எடுத்துக்கொண்டு செருப்பில்லாமல் ஓடி வந்தார். பள்ளி வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போய், பதினொரு மணிக்கு ருக்சானா திரும்பி வந்துவிட்டாள். வந்ததும் பசிக்கிறது என்றாள்.

இனிமேல் அவள் இன்ஹேலர் என் பாவாடைப் பையில் இருக்கும். அவளை நம்ப முடியாது.

சாயங்காலம் கஷாயம் வரவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

விழி எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துவிட்டாளாம். ஆனால் என் நான்கு பக்கம் கொஞ்சம் சப்பென்று இருக்கிறதாம், அவளே மெருகேற்றிக்கொள்வாளாம். சரி என்றேன். போனை வைத்த பிறகு, சப்பென்று எங்கே இருக்கிறது என்று கேட்டிருக்கலாமோ என்று தோன்றியது.

ஆகஸ்ட் 3

நகம் வெட்டினேன். இரண்டு செட் யூனிஃபார்ம் துவைத்தேன். தரணிகா என்னை நாளைக்குப் பேச வைக்க மூன்று தடவை ஒத்திகை பார்த்தாள். பாவம், நான் பேசப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியாது. “போச்சாது போ, உளறினாலும் நாங்க கை தட்டுவோம்” என்றாள். அவளிடம் சொல்லிவிடலாமா என்று இருந்தது. சொல்லவில்லை.

ஆகஸ்ட் 5

நேற்று எழுத நேரமில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்பது மணிக்கு வீட்டில் எல்லாரும் வந்து இறங்கினார்கள். முதலில் விழி, பிறகு அம்மா, கடைசியாக அப்பா, இரண்டு கையிலும் ஒரு பெரிய அட்டைப்பெட்டியை ஏந்திக்கொண்டு. மூன்று கிலோ கேக். தென்காசியிலிருந்து மடியில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறார். யாருக்கு என்று தெரியாததால் மேலே ‘வாழ்த்துகள்’ என்று மட்டும் எழுதியிருந்தார்.

பத்து மணிக்கு நானும் விழியும் கைகழுவப் போகிறோம் என்று போய் உடை மாற்றிக்கொண்டோம். என் யூனிஃபார்ம் அவளுக்கு, அவள் மஞ்சள் சுடிதார் எனக்கு. அவள் கூட்டத்துக்குப் போனாள். நான் பார்வையாளர் பெஞ்சில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்பா என்னிடம், சின்னவள் இளைத்துவிட்டாள், பார்த்தாயா என்று வருத்தப்பட்டார். அம்மா பச்சைத் தண்ணீரில் துவைத்து வெடித்திருந்த என் விரல்களை எடுத்துப் பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்த்தாள். நான் மரத்தைப் பார்த்தேன்.

கூட்ட அறை ஜன்னல் திறந்திருந்தது. விழியின் குரல் கணீரென்று வந்தது. வணக்கத்திலேயே கைதட்டல் வாங்கும் குரல். மலையின் குளிர், பிஞ்சு உள்ளங்கள், தாயைப் பிரிந்த தவிப்பு என்றெல்லாம் போய், கடைசியில் எங்களுக்குப் புது பாய்லர் வேண்டும் என்று முடித்தாள். நான் எழுதிய வாளிக் கணக்கு ஒரு வரிகூட இல்லை. வார்டன் மேடம், புது பாய்லர் வைக்க இடமும் இல்லை, விறகும் இல்லை, வேறு யோசனை இருக்கிறதா என்றார். விழி அழகாக இன்னொரு தடவை தவித்தாள்.

அப்போது தரணிகா வெளியே வந்தாள். நேராக என் முன்னால் நின்றாள்.

“கொடி, எந்திரி.”

“நான் விழி” என்றேன்.

“அவ வணக்கம்னு சொன்னதுமே எங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. நீ பேசறதுக்கு முன்னாடி ஒருக்கா மூக்கச் சொறிவே. அவ சொறியவே இல்ல. ருக்சானா வேணும்னே இன்ஹேலர் கேட்டா, அந்தப் புள்ள பேந்தப் பேந்த முழிக்கறா.”

நான் மூக்கைச் சொறிவேன் என்பது எனக்கே தெரியாது. பதினான்கு வருடத்தில் என்னை விழி என்று நினைத்தவர்கள் ஏராளம். அவளைப் பார்த்து, இது கொடி இல்லை என்று சொன்னவர்கள் இவர்கள்தான். இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதிலும் நான் பாதி நாள் வாயே திறக்கவில்லை.

கோபமா என்று கேட்டேன். “கோவந்தான். அப்பறமா படறேன். இப்ப உள்ள வா, அந்தம்மா கூட்டத்த முடிக்கப் போறாங்க.”

மஞ்சள் சுடிதாரோடு உள்ளே போனேன். மேடையில் ஒரு நான், வாசலில் ஒரு நான். அறை முழுக்கச் சலசலப்பு. விழி என்னைப் பார்த்துப் போ என்று கண்ணால் சொன்னாள். நான் மூக்கைச் சொறிந்துகொண்டிருப்பதைக் கவனித்து நிறுத்தினேன்.

“மேடம், நாந்தான் சுடர்க்கொடி. அவ எங்க அக்கா. நாந்தான் பேசச் சொன்னேன். அவ சொன்னது தப்பு, புது பாய்லர் வேண்டாம். அறுவது வாளி வெந்நி வருது, நாங்க நூத்திருவது பேரு...”

வெந்நி என்றதும் பின்வரிசையில் சிரித்தார்கள். சிரித்து முடிக்கும்வரை நின்றேன். பிறகு மறுபடியும் வெந்நி என்றேன்.

“ஆளுக்கு அரை வாளி வெந்நி, அரை வாளி பச்சத்தண்ணி ஊத்துனா எல்லாரும் குளிச்சிரலாம். இப்ப முழு வாளி எடுக்கவங்க பாதியக் கீழதான் ஊத்துதாங்க. ஒரு வாரம் நின்னு எண்ணியிருக்கேன். ருக்சானாவுக்கு அன்னைக்கு வந்தது நாளைக்கு இன்னொருத்திக்கு வரும்.”

அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லாததால் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த இடம் ஆசிரியர்களுக்கான நாற்காலி. தரணிகா சொன்னபடி கை தட்டினாள். முதலில் அவள் மட்டும்.

வார்டன் மேடம் பழனியப்பன் அண்ணனைக் கூப்பிட்டு விசாரித்தார். அவர், இந்தப் பிள்ளை சொல்வது சரி, விறகும் நன்றாக அடுக்கும் என்றார். மேடம் இரண்டு தீர்ப்பு சொன்னார். செவ்வாய் முதல் எல்லாருக்கும் அரை வாளி. ஆள் மாறாட்டத்துக்கு எனக்கு இரண்டு வாரம் போன் கிடையாது, அதோடு இருவரும் மன்னிப்புக் கடிதம் தர வேண்டும், அவரவர் கையால், தனித்தனியாக. அப்பாவிடம் நிறையப் பேசினார். அப்பா தலையைக் குனிந்து கேட்டுவிட்டு, கடைசியில் கேக் சாப்பிடுகிறீர்களா என்றார். நூற்றிருபது துண்டு போட முடியுமா என்று பார்த்தார்கள். அப்பா போட்டார்.

கிளம்பும்போது விழி பேசவே இல்லை. அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. கேட் பக்கத்தில் நின்று, “அங்ஙன யாரும் நான் சொல்லுதத முழுசா கேக்க மாட்டேங்காவட்டி” என்றாள். “பாதியிலேயே போயிருதாவ. நீ ‘ம்’னு சொன்னாத்தான் எனக்குப் பேச்சே வருது.”

அவளுக்கு நான் தேவைப்படுவேன் என்று எனக்கு எப்போதும் தெரியும். ஆனால் அவள் வாயால் கேட்டபோது சந்தோஷமாக இல்லை.

எழுது, முழுக்கப் படிக்கிறேன் என்றேன். அடுத்த வருடம் நானும் இங்கே சேரட்டுமா என்று கேட்டாள். சேரலாம் என்றேன், ஆனால் வேறு அறையில். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு, “மூக்கச் சொறியாதட்டி” என்று என் கையைத் தட்டிவிட்டாள்.

பஸ் போன பிறகு மலைப்பனி கண்ணில் பட்டுக் கொஞ்ச நேரம் எரிந்தது. தரணிகாவுக்கும் பட்டது. கோபத்தை அவள் ராத்திரிச் சாப்பாடுவரை வைத்திருந்தாள்.

ஆகஸ்ட் 6

குளித்தேன். நான்தான், சோப்பு மட்டும் இல்லை.

ஆகஸ்ட் 12

காலை ஐந்தரைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு எஸ்தர் அக்கா எங்கள் அறைக்கு வந்தார். விடுதித் தலைவி. இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி. என்னை அடிக்க வந்திருக்கிறார் என்று ருக்சானா போர்வைக்குள் போய்விட்டாள்.

அரை வாளி குளிக்கப் போதும், தலைக்குக் குளிக்கும் நாளில் சிகைக்காய்கூடப் போகவில்லை என்றார் அக்கா. என் முடி தோள்வரைதான். எனக்கு அது தோன்றவே இல்லை. நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டேன். வாரத்தில் ஒரு நாள் வகுப்புக்கு வகுப்பு மாற்றி, தலைக்குளியலுக்கு முழு வாளி, அன்று மற்ற வகுப்புகளுக்குக் கொஞ்சம் குறைவு என்று கேட்கலாம். செப்டம்பர் முதல் தேதி கூட்டம் இருக்கிறது.

“நீயே பேசிடேன். உனக்கு மேடம்கிட்ட பயம் இல்ல.”

பயம் இல்லையாம். நான் அதைத் திருத்தவில்லை.

“கூட வாரேங்க்கா. பக்கத்துலயே நிக்கேன். ஆனா நீங்கதான் பேசணும்” என்றேன்.

அக்கா என் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். மேடைக்குப் போனால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது, தலைவி என்று பேட்ஜ் குத்திவிட்டதால் யாரிடமும் சொல்ல முடியவில்லை என்று தரையைப் பார்த்துச் சொன்னார். முதல் வாக்கியத்தை மட்டும் சேர்ந்து பழகலாமா என்று கேட்டேன். நான்கு தடவை சொல்லிப் பார்த்தார். நான்கு தடவையும் நடுவில் நின்றது. ஐந்தாவது தடவை முழுக்க வந்தது. போர்வைக்குள்ளிருந்து ருக்சானா கை தட்டினாள்.

தரணிகா வாசலில் நின்று கூப்பிடுகிறாள், எங்கள் முறை வந்துவிட்டதாம். வாளியை எடுத்துக்கொண்டு போகிறேன். ஆறினால் திரும்பச் சூடு பண்ணித் தர மாட்டார்கள்.